அச்சாகாத பட்டியல்

2009 ஆகஸ்டு 9ஆம் தேதி பெங்களூர் அல்சூரில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை. வள்ளுவர் அதற்கு முன் பதினெட்டு வருஷம் மூடப்பட்டே நின்றுகொண்டிருந்தார். இரண்டு முதலமைச்சர்கள், இரண்டு மேடைகள். சமாதானம் என்றதும் நமக்கு ஒரு கவிஞன் தேவைப்படுகிறான். அவன் செத்துப்போனவனாக இருந்தால் சௌகரியம், மறுப்புச் சொல்லமாட்டான். சிலைகள் மீது எனக்குக் கோபமில்லை. சமாதானம் என்பது மேலேயிருந்து திறந்துவைக்கப்படும் ஒரு பொருள் என்ற எண்ணத்தை அவை வலுப்படுத்துகின்றன என்பதும், ஓசூரில் வேலை பார்க்கிறவனுக்கு அந்த எண்ணத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதும்தான் என் பிரச்னை.

சிப்காட் வந்த பிறகு உருவான ஊர் என்றே ஓசூரை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதுவும் ஒரே தெருவில் புழங்கி வந்தவை. தொழிற்சாலைகள் அந்தக் கலவையை ஷிப்டு நேரத்துக்குள் கொண்டுவந்தன, அவ்வளவுதான். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே குடியிருந்து இங்கே வருகிறவர்களும் உண்டு, இங்கே குடியிருந்து பெங்களூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. நான் இருந்த லேத் பட்டறையில் அளவு ஆங்கிலத்தில், வசவு தெலுங்கில், சம்பளப் பேச்சு தமிழில், பாட்டு கன்னடத்தில். இதை மொழி நல்லிணக்கம் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. இது நல்லிணக்கமல்ல, பழக்கம். பழக்கத்தை ஒரு மத்தியானத்துக்குள் கலைத்துவிடலாம்.

2016 செப்டம்பர் 12 அப்படி ஒரு மத்தியானம். விநாடிக்கு 15,000 கன அடி என்று ஒரு வாரம் முன்பு சொல்லியிருந்த உச்ச நீதிமன்றம், அன்று அதை 12,000 ஆக்கி, நாளை 20ஆம் தேதிவரை நீட்டியது. சாயங்காலத்துக்குள் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் நாற்பதுக்கும் மேல் எரிந்தன. மறுநாள் பக்ரீத். அதற்கு மறுநாள் ஓணம். பண்டிகைக்கு ஊர் போகக் கிளம்பியவர்கள் அத்திப்பள்ளியில் இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இழுத்துக்கொண்டு நடந்தே எல்லையைத் தாண்டினார்கள். இந்தப் பக்கத்திலிருந்தும் அப்படியே. எதிரெதிராக நடந்த அந்த இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்ட விதத்தை வர்ணிக்கலாம். வேண்டாம். எல்லோருக்கும் கால் வலித்தது.

1991 டிசம்பரைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 11ஆம் தேதி அரசிதழில் வெளியானது. 12, 13 தேதிகளில் கலவரம். பிறகு கிறிஸ்துமஸையும் பொங்கலையும் உறவினர் வீட்டுத் திண்ணைகளில் கழித்த குடும்பங்கள். பண்டிகைக் காலமாகப் பார்த்து இது ஏன் மூள்கிறது என்று ஒருகாலத்தில் வியந்திருக்கிறேன். வியக்க ஒன்றுமில்லை. மேட்டூர் வழக்கமாகத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. அது தவறினால் குறுவை போயிற்று. ஆகஸ்டு, செப்டம்பரில் சம்பாவுக்கான தவிப்பு. சம்பா வீடு வந்தால் பொங்கல். மண்டியாவிலும் நெல்லுக்கும் கரும்புக்கும் இதே போல் ஒரு கணக்கு. பண்டிகைகளை வரிசைப்படுத்திய அதே விதைப்பு நாட்கள்தான் சண்டையையும் வரிசைப்படுத்துகின்றன. சங்கராந்தியன்று கன்னட வீடுகளில் எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்து கொடுத்து, இதைத் தின்று நல்ல வார்த்தை பேசு என்பார்கள். அந்தப் பொட்டலம் எனக்கும் வருஷா வருஷம் வந்திருக்கிறது. நல்ல வார்த்தைக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

சிலைகளுக்கு ஆறு வருஷம் முன்பே வேறொரு காரியம் நடந்தது. 2002 அக்டோபரில் தமிழ்த் திரையுலகம் நெய்வேலிக்கு ஊர்வலம் போயிற்று. காமிராக்கள் கூடவே போயின. அடுத்த வருஷம், 2003இல், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். மன்னார்குடி ரங்கநாதன் இந்தப் பக்கம், ரைத சங்கத்தின் புட்டண்ணய்யா அந்தப் பக்கம். தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் காவிரிக் குடும்பம். பெயரில் கொஞ்சம் சர்க்கரை அதிகம். ஆனால் செய்த காரியத்தில் சர்க்கரை இல்லை: ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். டெல்டாக்காரன் எதிர்பார்த்துப் போன செழிப்பு அங்கே எல்லா வயலிலும் இல்லை. அவர்களும் கடைமடையில் வந்து வெடித்த மண்ணைப் பார்த்தார்கள். பிறகு பற்றாக்குறை வருஷத்தில் எப்படிப் பகிர்வது என்று கணக்குப் போட்டார்கள். எந்த அரசும் அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கு தன் பாட்டில் 2007இன் இறுதித் தீர்ப்புக்கும், 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டிஎம்சிக்கும் போய்ச் சேர்ந்தது. ஆகவே குடும்பம் தோற்றது என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனின் வயலைப் பார்த்துவிட்டு வந்தவன் அதற்குப் பிறகு கல்லெறிவது சிரமம். இதை எந்தத் தீர்ப்பிலும் பதிய முடியாது.

நாங்கள் ஏழெட்டுப் பேர் 2016இல் செய்ததை இயக்கம் என்பது அதிகப்படி. அக்டோபர் 10 ஆயுத பூஜை. பட்டறைக்காரர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிய நாள் அது. சக்கில் சாமந்தி மாலை, வாசலில் உடைத்த பூசணிக்காய், பொரி கடலை. வருகிற எல்லோருக்கும் பொரிப் பொட்டலம் உண்டு, மொழி கேட்பதில்லை. பொட்டலத்தோடு ஒரு துண்டறிக்கை கொடுப்பது என்று தீர்மானம். ஆளுக்கு ஐம்பது ரூபாய், ஆயிரம் பிரதி, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடம். அணைகளில் எவ்வளவு இருக்கிறது, மேட்டூர் அந்த வருஷம் செப்டம்பர் 20க்குத்தான் திறந்தது, நீதிமன்றம் சொன்னது என்ன என்பவற்றோடு, ஷட்டரை ஏற்றி இறக்குகிறவன் உன் பக்கத்து மெஷினில் நிற்பவன் அல்ல என்ற ஒரு வரி.

தகராறு வார்த்தைகளில் வந்தது. ஆனேக்கல்லிலிருந்து வருகிற பெரியவர் ஒருவர், நாங்கள் அண்ணா என்று கூப்பிடுகிறவர், கன்னடப் பக்கத்தை எழுதினார். தலைப்பு ‘நம்ம காவேரி’. அதைத் தமிழில் எப்படிப் போடுவது? ‘நம் காவிரி’யா, ‘எங்கள் காவிரி’யா?

“எந்த நம்ம அண்ணா இது? நாங்களும் அதுல உண்டா, இல்லையா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் ஒண்ணுதானேப்பா” என்றார்.

அவர் மொழியில் ஒன்றுதான். நாம், நாங்கள் என்று தமிழ் பிரித்து வைத்திருப்பதை இன்றைய கன்னடம் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. எதிரே நிற்பவனைச் சேர்ப்பதா விலக்குவதா என்பதைச் சொல் சொல்லாது, முகம்தான் சொல்ல வேண்டும். நம் இலக்கணத்தில் விலக்குவதற்கே ஒரு தனிச் சொல் இருப்பது அன்று எனக்குப் பெருமையாகத் தோன்றவில்லை. ‘உரிமை’யில் இன்னொரு மணி நேரம் போயிற்று. ‘திறந்துவிடு’ என்ற சொல்லுக்கு அண்ணா, “அதென்ன உங்க வீட்டுக் குழாயா?” என்றார். கடைசியில் எண்களும் தேதிகளும் மிஞ்சின, கூடவே அந்த ஷட்டர் வரியும். தலைப்பே இல்லாமல் அச்சாயிற்று. பரவாயில்லாத துண்டறிக்கை, பலர் அதில் பொரியைக் கொட்டித் தின்றார்கள்.

அச்சாகாத ஒன்றும் இருந்தது. துண்டறிக்கையின் அடியில், மறுபடி வழி மறிக்கப்பட்டால் இரவு தங்க இருபுறமும் இடம் தரக்கூடிய வீடுகளின் முகவரியைப் போடலாம் என்று ஒரு பையன் சொன்னான். எல்லோருக்கும் பிடித்தது. அண்ணா மட்டும் பேசாமல் இருந்துவிட்டு, “இந்தக் காகிதம் வேற கைக்குப் போனா அது என்ன பட்டியல்?” என்றார். அத்திப்பள்ளியில் தமிழன் வீடு எது, ஓசூரில் கன்னடத்தான் வீடு எது என்ற பட்டியல். 1991இல் வீடுகளை அடையாளம் காட்டியவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல என்று அவர் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. அடைக்கலத்துக்கும் தாக்குதலுக்கும் தேவைப்படுவது ஒரே தகவல். ஆகவே அந்த முகவரிகளை ஆளுக்கு நான்கு என்று மனப்பாடம் செய்துகொண்டோம், எழுதக்கூடாது. என்னிடம் நான்கு இருக்கின்றன. என் வீட்டை மனதில் வைத்திருப்பவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றியது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். நீதிமன்றம், கன அடி எல்லாம் வானத்துக்கு முன்னால் எவ்வளவு சின்னவை என்று யாராவது தத்துவம் பேசியிருக்கலாம். டெல்டாவில் செத்தவர்களுக்கு அது உதவாது.

2023 செப்டம்பர் 29 கர்நாடக பந்த். பஸ்கள் ஜூஜுவாடியோடு நின்றன. காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. முன்பின் தெரியாத குரல், அண்ணாவின் பெயரை மட்டும் சொன்னது. கிருஷ்ணகிரியில் உறவினரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிற மண்டியாக்காரர், கூட மனைவி. வீட்டுக்கு வந்தார்கள். என் மனைவிக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். அவள் தம்பியின் மூன்று ஏக்கர் குறுவை அந்த வருஷம் கருகியிருந்தது. மண்டியாக்காரர் எடுத்த எடுப்பில் அதைத்தான் விசாரித்தார்: எத்தனை நாள் பயிர், எத்தனை தண்ணீர் கட்டினீர்கள், போர் இல்லையா. நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். அந்த வயலுக்கு அத்தனை தண்ணீர் தேவையில்லை, நீங்கள் வீணடிக்கிறீர்கள் என்றார் அவர். உங்களுக்கு அணை பக்கத்தில் இருக்கிற தைரியம் என்றாள் இவள். அதையும் மொழிபெயர்க்கச் சொன்னாள். செய்தேன். அவர் மனைவி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை, தன் ராகி காய்ந்த கணக்கை விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். பந்த் சாயங்காலம் ஆறு மணிவரை. மணி ஒன்றரை ஆகியிருந்தது, சோறு ஆறிக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.