க.விலக்கில் எந்தப் பக்கம்?

அக்கா மகள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். நெட்வொர்க்கிங் புத்தகத்தின் ஏழு அடுக்குப் படத்தை வைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள், "ஒண்ணும் புரியல மாமா" என்றாள். மயிலாடும்பாறை வீட்டில் லேப்டாப்பைத் திறந்து, சென்னையில் இருக்கும் ஒரு சர்வரின் பெயரைக் கொடுத்து 'ட்ரேசர்ட்' கட்டளையைத் தட்டச் சொன்னேன். போகும் வழியில் உள்ள நிறுத்தங்கள் ஒவ்வொரு வரியாக விழுந்தன. முதல் வரி 192.168.1.1. அது சுவரில் மாட்டியிருந்த அவர்கள் வீட்டு மோடம்தான். கடைசி வரியில் 18 மில்லி செகண்ட் என்றிருந்தது. அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்த வழியை நேரில் காட்ட மறுநாள் காலை அவளைத் தேனி பஸ்ஸில் ஏற்றி, நானும் ஏறினேன்.

ஜன்னலுக்கு ஒரு பக்கம் மூலவைகை. மறுபக்கம் கம்பத்துக்குக் கம்பம் தொங்கியபடி கறுப்புக் கேபிள். வருசநாட்டு மலையில் பிறந்த ஆறு கீழே மட்டும்தான் போகும். இந்தக் கேபிளில் போக்கும் உண்டு, வரத்தும் உண்டு. அவள் அனுப்பும் 3 எம்.பி. போட்டோ இதில் முழுசாகப் போவதில்லை. ஆயிரத்து ஐந்நூறு பைட்டுக்கு மிகாத துண்டுகளாக, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகளாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண். நடுவில் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும்.

கடமலைக்குண்டு தாண்டியதும் ஒரு புளியமரத்தைக் காட்டினேன். போன மழைக்காலத்தில் ஒரு டிப்பர் லாரி கேபிளை இழுத்து அறுத்துவிட்டது. வீடுகளில் மோடத்தின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்த மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பையன் ஜாயின்ட் அடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேல்தோலை உரித்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கண்ணாடி இழையைத் துடைத்து, முனையை நேராக வெட்டி, இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினுக்குள் வைத்தான். சின்னத் திரையில் அவை இரண்டு மரத்தடிகள் மாதிரி எதிரெதிரே கிடந்தன. ஒரு பொறி, ஒட்டிக்கொண்டன. ஒளி ஓடும் நடு இழையின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான்; நம் தலைமுடி ஏறக்குறைய 70. மூச்சை அடக்கிக்கொண்டு அவன் செய்த அந்த வேலையைப் பாடப்புத்தகம் 'முதல் அடுக்கு' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. எனக்கு அது ஆறவே இல்லை.

கண்டமனூரைக் கடந்து, சாலை பிரியும் க.விலக்கில் இறங்கினோம். இடது பக்கம் தேனி, வலது பக்கம் ஆண்டிபட்டி, மதுரை. இந்த விலக்குதான் ரவுட்டர். பாக்கெட் வந்து நின்றதும் அதன் ஐ.பி. முகவரியைப் பார்த்து, எந்தப் பக்கம் திருப்புவது என்பதை மட்டும் ரவுட்டர் முடிவு செய்யும். சென்னை வரைக்குமான முழு வழி அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். முகவரியையும் முழுசாக ஆராய வேண்டியதில்லை. 1972இல் வந்த பின்கோடு மாதிரிதான். சென்னையில் கடிதம் பிரிப்பவர் 625 என்ற முதல் மூன்று எண்ணைக் கண்டதுமே மதுரைப் பக்கத்து மூட்டையில் போட்டுவிடலாம். மயிலாடும்பாறையைத் தேடுவது அதற்கப்புறம்.

"அப்போ நேத்து வரிசையா வந்த பேரெல்லாம் எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் ஆயுள் எண் உண்டு. விலக்குக்கு விலக்கு அதில் ஒன்று குறையும். பூஜ்யமானால் பாக்கெட் அங்கேயே முடிந்துவிடும். வழிதவறியது சுற்றிச் சுற்றி வந்து பாதையை அடைத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ட்ரேசர்ட் முதலில் ஆயுள் ஒன்று வைத்து அனுப்பும். முதல் விலக்கு, "இங்கே முடிந்தது" என்று தன் முகவரியோடு தகவல் அனுப்பும். அடுத்து இரண்டு, அப்புறம் மூன்று. பதில் சொல்லாத விலக்குகள் நட்சத்திரக் குறியாகத் தெரியும்.

மதுரை பஸ் வர வெகுநேரம் ஆனது. ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, பிறகு ஆரப்பாளையம்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தபடி மிச்ச வழியைச் சொன்னேன். சென்னையில் 2003இல் தொடங்கிய நிக்ஸி அமைப்பின் இணைப்பகம் இருக்கிறது. இரண்டு இந்திய நிறுவனங்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் பாக்கெட்டுகள் வெளிநாடு சுற்றிவராமல் அங்கேயே கைமாறலாம். கடல் தாண்ட வேண்டியவை கேபிள் வழியாக இறங்குகின்றன. 2002இல் வந்த ஐ2ஐ கேபிள் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் கடலடியில் கிடக்கிறது. இந்தக் கரையில், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்தை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் எடுத்திருக்கிறது. ஊராட்சி அலுவலகச் சுவரோடு அது நின்றுவிடக் கூடாது என்பது என் ஆசை. வருசநாட்டுக்கு மேலே, மலைக்குள் ஏற ஏற, சிக்னல் தேடிப் பாறைமேல் நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அவள் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். ஃபைபரில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கு 550 என்று வைத்தால், போய்வர ஆறு மில்லி செகண்டுக்குள் முடிய வேண்டும். வீட்டில் வந்ததோ 18.

"மிச்சம் பன்னிரண்டு எங்க மாமா போச்சு?" என்றவள், நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "கேபிள் வளைஞ்சு வளைஞ்சு போயிருக்கும். அப்புறம், க.விலக்குல நாம நின்னமே, அந்த மாதிரி நின்னிருக்கும்."