நான் பேசிய சமாதானம்

எங்கள் பாடசாலை வன்னியில், பெருந்தெருவிலிருந்து ஒன்பது கட்டை உள்ளே இருக்கிறது. நாளொன்றுக்கு இருமுறை பஸ் வரும். மாரி காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. அங்கே தமிழ் கற்பிக்கும் எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருமை கிடைத்தது. சிதைந்துபோக இருந்த குடும்பமொன்றை ஒட்டவைத்தவன் என்ற பெருமை அது. அது எத்துணைப் பொய்யானது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு வாரமாக வரவில்லை. தாயை அழைத்து விசாரித்தேன். முகத்தின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. “கிணத்தடியிலை வழுக்கி விழுந்திட்டன், சேர்” என்றார். உடன்வந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள். உண்மை எனக்கு விளங்கிற்று.

நான் என்ன செய்தேன்? கோயில் மண்டபத்தில் ஊர்ப் பெரியவர்கள் நால்வரைக் கூட்டினேன். கணவன் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தான். “கொஞ்சம் பொறுத்துப் போ பிள்ளை” என்றார் ஒரு பெரியவர். நானும் அதையே, பிள்ளைகளின் படிப்பைக் காட்டி, நல்ல தமிழிற் சொன்னேன். அத்தாயிடம் எவராவது ஒரு கேள்வியேனும் கேட்டோமா? இல்லை. மூன்று வாரங்களின் பின் அவர் கை முறிந்து வைத்தியசாலையிற் கிடந்தார். ஊருக்குமுன் தன்னைத் தலைகுனிய வைத்தமைக்குக் கணவன் கொடுத்த தண்டனை அது. அதில் எனக்கும் பங்குண்டு.

இத்தகைய பெண்களுக்கென அரச வைத்தியசாலைகள் பலவற்றில் ‘மிதுறு பியச’ எனும் நிலையங்கள் இயங்குகின்றன. அங்கிருந்த தாதி, நாங்கள் கேளாத கேள்வியைக் கேட்டார்: “நீங்கள் என்ன செய்ய விரும்புறீங்கள், அம்மா?” தாய் சொன்ன மறுமொழியை நான் மறக்கமாட்டேன். “நான் ஏன் வீட்டை விட்டுப் போக வேணும்? அந்த வீட்டுக்கு மண் குழைச்சது நான்தானே?”

அவர் கேட்டதைச் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின் 12 மாதங்கள்வரை செல்லத்தக்க பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். அடித்தவன் வீட்டினுள் நுழைவதையே மன்று தடுக்கலாம். வெளியேற வேண்டியவள் பெண்தான் என்பது ஊரின் எண்ணமேயன்றிச் சட்டத்தின் எண்ணமன்று.

ஆயினும் சட்டம் பட்டினத்தில் இருக்கிறது; அடி கிராமத்தில் விழுகிறது. இடையிலுள்ள தூரத்தைக் கடக்கப் பஸ் காசு வேண்டும். ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். பொலிஸ் நிலையத்தில் “குடும்பப் பிரச்சினைதானே, பேசித் தீருங்கோ” என்ற சொல்லையும் கேட்க வேண்டும். தனித்து ஒருத்தியால் இயலுமா? எங்கள் ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு தவணைக்கும் அவருடன் சென்றார். சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி வழக்குப் பேசினார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கப் பெண்கள் முறைவைத்து இரவிலே துணைக்குப் படுத்தனர். என் பங்கு சிறிது: அவருடைய அடையாள அட்டைப் பிரதி, வைத்தியசாலைத் துண்டுகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் யாவற்றையும் பாடசாலை அலுமாரியிற் பூட்டிவைத்தேன்.

வறுமையும் கசிப்பும்தான் காரணம் என நண்பர் சிலர் வாதிப்பர். சுரண்டலின் கொடுமையை நான் மறுப்பவனல்லன். ஆனால், கூலியைக் குறைத்துக் கொடுத்த முதலாளியின் முன் அவன் கைகட்டி நின்றதைக் கண்டிருக்கிறேன். குடித்திருந்த நாளிலும் அங்கே கை ஓங்கவில்லை. எங்கே ஓங்கலாம் என்பதை அவனுக்குக் கற்பித்தது நம் சமுதாயமல்லவா? இது ஒரு வீட்டின் கதையுமன்று. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, இந்நாட்டில் துணைவரோடு வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் அத்துணைவராலேயே உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். மாணவர் இடாப்பைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு என்னை உறுத்துகிறது.

கட்டளையின் காலம் முடிந்துவிட்டது. கணவன் வேறூரில் இருக்கிறான். திரும்பி வரமாட்டான் என்று எவராலும் உறுதி கூற இயலாது. தாய் அதே வீட்டில் இருக்கிறார். கதவின் உட்புறத்தில், பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கமாகிய 1938ஐ மகள் கரியால் எழுதிவைத்திருக்கிறாள்.

சென்ற மாதம் அதே பெரியவர் என்னைத் தேடி வந்தார். இன்னொரு வீட்டில் அடிபிடியாம். “சேர், நீங்கள் ஒருக்கால் வந்து இரண்டுபேரையும் இருத்திக் கதைச்சால் சரிவரும்” என்றார்.

“இருத்த வேண்டாம், ஐயா. அந்தப் பிள்ளை இப்ப எங்கை இருக்கிறா? முதலிலை எங்கடை ரீச்சர் அவவோடை தனியக் கதைக்கட்டும்” என்றேன்.

அவர் முகம் சுருங்கிற்று. எனினும் வீட்டைக் காட்டினார்.