கொடுக்கே இல்லாத சிங்கி!

ஒரு சின்னக் கேள்வி, ஃப்ரெண்ட்ஸ். ஹாஸ்டல்ல சேர்ந்த முதல் வாரம், ராத்திரி லைட்டை அணைச்ச பிறகு என்ன பேசினீங்க? சினிமா, கிரிக்கெட், சீனியர் பயம்... எல்லாம் பேசியிருப்பீங்க. ஆனா சுத்திச் சுத்திக் கடைசியில வந்து நிக்கிற இடம் சாப்பாடுதான். மெஸ் சாம்பார் மகிமை அப்படி!

மதுரையில எங்க ரூமுக்கு நாலு பேர். அதுல ஒருத்தன் பாம்பன்காரன். அன்னிக்கு ராத்திரி அவன் சிங்கி இறாலைப் பத்தி ஆரம்பிச்சான். லாப்ஸ்டர்னு ஸ்டார் ஹோட்டல் மெனு கார்டுல போட்டிருப்பாங்களே, அதேதான். ‘வாலை ரெண்டாப் பிளந்து, மிளகு தடவி...’னு அவன் சொல்லச் சொல்ல, இருட்டுல மூணு பேருக்கும் எச்சில் ஊறுது. முடிச்சுட்டு என்னைப் பார்த்து, ‘‘உங்க ஊர்ல என்னடா ஸ்பெஷல்?’’னு கேட்டான்.

எங்க ஊர் போடிநாயக்கனூர். நிமிர்ந்து பார்த்தா மலை, மூச்சு இழுத்தா ஏலக்காய். கிழக்கே கடலைப் பார்க்கணும்னா இருநூறு கிலோமீட்டர் போகணும். எங்க அம்மா விடியறதுக்கு முன்னாடி ஜீப்ல ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறவங்க. மழைக்காலத்துல சில நாள் சாயங்காலம் அவங்க தூக்குவாளியில ‘கரக்... கரக்...’னு ஒரு சத்தம் வரும். அம்மா வீட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ளேயே எனக்குத் தெரிஞ்சுடும். ஓடை நண்டு! மதியச் சாப்பாடு காலியான வாளியில, தோட்டத்து ஓடையில பிடிச்ச பத்துப் பன்னிரண்டு நண்டு. சளி பிடிச்ச வீட்டுக்கு அதைவிட மருந்து கிடையாதுங்கிறது எங்க தெரு நம்பிக்கை.

இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. கூலி வேலைக்குப் போற அம்மா, ஓடையில கல்லைப் புரட்டி நண்டு பிடிக்கிறாங்கன்னு சொல்ல நாக்கு வரலை. அதுக்குப் பதிலா வாய் என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘‘சிங்கிதானே? சாப்பிட்டிருக்கேனே! அதோட கொடுக்குக் கறி இருக்கே... அதுதான் டாப்பு!’’

ஒரு நொடி அமைதி. பாம்பன்காரன் மெதுவா, ‘‘ஆமாடா... டாப்புதான்’’னான். எல்லாரும் தூங்கிட்டோம்.

அந்த வருஷம் பொங்கல் லீவுக்கு அவன் ஊருக்குக் கூட்டிட்டுப் போனான். கரையில ஒரு வள்ளம் வந்து ஒதுங்குது. வலையிலேர்ந்து அவங்க அப்பா பதமா ஒண்ணை எடுத்து ஈரச் சாக்குல வைக்கிறார். முள்ளு முள்ளா உடம்பு, சாட்டை மாதிரி ரெண்டு நீளமான மீசை, விசிறி மாதிரி வால். நான் முன்பக்கம் பார்த்தேன், பக்கவாட்டுல பார்த்தேன், குனிஞ்சு அடியிலேயும் பார்த்தேன். கொடுக்கைக் காணோம்!

‘‘தேடாத மாப்ள... நம்ம கடல் சிங்கிக்குக் கொடுக்கு கிடையாது. நீ டி.வி-யில பார்த்திருப்பே. அது அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் அட்லாண்டிக் கடல்ல இருக்கிற சாதி. அதுக்குத்தான் பெரிய கொடுக்கு. இங்கே எல்லாம் வால்ல மட்டும்தான் கறி.’’

எனக்கு முகம் எங்கே வைக்கிறதுன்னு தெரியலை. ‘‘அப்போ அன்னிக்கே உனக்குத் தெரியுமா?’’

‘‘தெரியும்.’’

‘‘ஏன்டா சொல்லலை?’’

‘‘ரூம்ல மத்த ரெண்டு பேரும் இருந்தாங்கள்ல!’’

அவ்வளவுதான் சொன்னான். அந்த மணல்ல உட்கார்ந்து நான் அவன்கிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். ஜீப், தூக்குவாளி, ஓடை நண்டு, எல்லாம். அவன் கேட்டது ஒரே கேள்விதான். ‘‘டேஸ்ட் எப்படிடா இருக்கும்?’’

அங்கேதான் நாங்க மாட்டினோம். ஒரு ருசியை இன்னொருத்தருக்கு வார்த்தையில எப்படிச் சொல்றது? ‘நண்டு மாதிரி இருக்கும்’னா, எந்த நண்டு மாதிரி? சரி, ஒவ்வொண்ணாச் சாப்பிட்டுப் பார்த்துடலாம்னு முடிவு பண்ணினோம்.

அந்த மூணு நாள்ல அவங்க அம்மா கைப்பக்குவத்துல நான் கத்துக்கிட்டது இது. நீலக்கால் நண்டுக்கறி நூல் நூலாப் பிரியும். இனிப்புன்னா அப்படி ஒரு இனிப்பு! களி நண்டு சேத்துல வளர்றது. கொடுக்குல கறி கெட்டியா, கனமா இருக்கும். ரெண்டு துண்டுக்கே வயிறு நிறைஞ்ச மாதிரி ஆயிடும். இறால் மெத்துனு இருக்கும், அதுவும் இனிப்புதான். முள்ளுச் சிங்கியோட வால் ஒரே உருண்டையா வரும். பல்லு பட்டா துள்ளும். இறால் இனிப்பும் நாட்டுக்கோழி அழுத்தமும் சேர்ந்த மாதிரி. ஆனா ரெண்டு நிமிஷம் கூடுதலா வெந்துச்சோ, ரப்பர்! செருப்பு மாதிரி தட்டையா இன்னொரு சிங்கி உண்டு. கறி கொஞ்சம்தான். பதம் மெது, கடல் வாசம் தூக்கல்.

‘‘அப்போ உங்க வீட்டுல வாரா வாரம் சிங்கிதானா?’’னு கேட்டேன். அவங்க அம்மா சிரிச்சாங்க. ‘‘இது விக்கிற பொருள் தம்பி. உயிரோட இருந்தாத்தான் வெளிநாட்டுக்குப் போகும், விலையும் கிடைக்கும். கால் ஒடிஞ்சது, உயிர் போனது மட்டும்தான் நம்ம அடுப்புக்கு. நாங்க திங்கிறது நண்டும் சின்ன மீனும்.’’

எனக்குச் சட்டுனு எங்க வீட்டு டீ ஞாபகம் வந்துச்சு. ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏலம் நடக்கிற ஊர் எங்க போடி. நல்ல பச்சையா, 8 மில்லிமீட்டருக்கு மேல பருமனா இருக்கிற காய்க்குத்தான் அங்கே மவுசு. அதைச் செடிச் செடியா உட்கார்ந்து பறிக்கிற எங்க அம்மா, டீயில தட்டிப் போடுறது வெடிச்சுப்போன காயை. கடலோ, மலையோ... ஒசந்த சரக்கு ஊரைவிட்டுப் போயிடுது!

சிங்கிக்கும் ஏலக்காய் மாதிரியே அளவுக் கணக்கு உண்டுன்னு அங்கேதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா அது ருசிக்காக இல்லை. குஞ்சையும் சின்னதையும் அள்ளிட்டா நாளைக்கு இனமே இருக்காதே! அதனால மத்திய அரசு 2003-ல ஏற்றுமதிக்குக் குறைஞ்சபட்ச எடை வெச்சது. தட்டைச் சிங்கின்னா 150 கிராம், முள்ளுச் சிங்கியில ஒரு வகைக்கு 200, இன்னொண்ணுக்கு 300, உடம்பெல்லாம் வண்ணக்கோலம் போட்ட பெரிய சாதிக்கு 500. வயித்துல முட்டையோட வந்த ஒண்ணை நண்பனோட அப்பா பேசாமத் திரும்பக் கடல்ல விட்டதை நானே பார்த்தேன்.

அடுத்த தீபாவளிக்கு அவன் எங்க ஊருக்கு வந்தான். 12 வருஷத்துக்கு மேல நின்னுபோயிருந்து, 2023 ஜூன்ல திரும்ப வந்துச்சே போடி ரயில், அதுலதான் வந்தோம். அவன் கையில ஒரு தெர்மாகோல் டப்பா. ‘‘எங்க அம்மா உங்க அம்மாவுக்குக் கொடுத்தது’’ன்னான். உள்ளே ஐஸுக்கு நடுவுல மூணு சிங்கி வால். தலையைக் காணோம்!

‘‘தலையோட அனுப்பினா வழியிலேயே கறி கொழகொழன்னு ஆயிடும்’’னான். விஷயம் என்னன்னா, இந்த இனத்துக்கெல்லாம் செரிமானச் சுரப்பி தலைப் பக்கம்தான். உயிர் போனதும் அதுல இருக்கிற நொதிகள் சொந்தக் கறியையே கரைக்க ஆரம்பிச்சுடும். அதனாலதான் நண்டையும் சிங்கியையும் உயிரோட வாங்கணும்னு சொல்றது. இல்லைன்னா தலையை உடனே எடுத்துட்டு ஐஸ்ல போடணும்.

மறுநாள் காலையில அம்மாவோட ஓடைக்குப் போனோம். கோட்டக்குடி ஆத்துக்கு இறங்குற ஒரு சின்ன ஓடை. கல்லைப் புரட்டுறது ஒரு வித்தை. வளைக்கு முன்னாடி கயித்துல கோழிக் குடலைக் கட்டி ஆட்டுறது இன்னொரு வித்தை. ரெண்டையும் மாத்தி மாத்திச் செஞ்சோம். ரெண்டு மணி நேரத்துல கிடைச்சது ஏழு நண்டு. அதுல குஞ்சோட இருந்த ஒண்ணை அம்மா திரும்ப விட்டுட்டாங்க. பாம்பன்காரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

‘‘முன்னே எல்லாம் அரை மணியில வாளி நிறைஞ்சுடும் சாமி. தோட்டத்துல மருந்து ஜாஸ்தியா அடிக்க ஆரம்பிச்ச பிறகு எந்த ஓடையிலேயும் சத்தமே இல்லை’’ன்னாங்க அம்மா. ஏலத்துக்குத் தண்டுதுளைப்பானும் இலைப்பேனும் பெரிய எதிரி. அதுக்காகத் திரும்பத் திரும்ப மருந்து தெளிக்கிறாங்க. பூச்சியும் நண்டும் கணுக்காலிங்கிற ஒரே கூட்டம். பூச்சியைக் கொல்ற மருந்து ஓடையில கலந்தா, நண்டை மட்டும் விட்டுவைக்குமா என்ன?

அன்னிக்கு ராத்திரி ஒரே அடுப்பு, ஒரே உப்பு, ஒரே மிளகு. ஒரு சட்டியில சிங்கி வால், இன்னொரு சட்டியில நண்டு ரசம். நண்டோட ஓட்டைக் கழட்டி, காலை அம்மியில நச்சு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துத் தட்டி, நல்லா... நல்லாக் கொதிக்க விட்டாங்க. (இதுல அவசரம் வேண்டாம் பாஸ். ஓடை நண்டுல நுரையீரலைப் பிடிக்கிற ஒரு புழு இருக்க வாய்ப்பு உண்டு. மணிப்பூர் பக்கம் அரைவேக்காட்டு நண்டால அந்த நோய் வந்திருக்கு. முழுசா வேகணும்.) சட்டியில பழுப்பு ஓடு செக்கச்செவேல்னு மாறுச்சு. சிங்கியும் அதேதான். ஓட்டுல இருக்கிற சிவப்பு நிறமியை ஒரு புரதம் மூடி வெச்சிருக்கும். சூடு பட்டா புரதம் விலகிடும், சிவப்பு வெளியே வந்துடும். அமெரிக்கச் சிங்கியோ, போடி நண்டோ, வெந்தா ஒரே கலர்!

இப்போ தீர்ப்பு நேரம். சிங்கி இனிப்புல ஜெயிச்சுது. சந்தேகமே இல்லை. அதுக்குக் காரணமும் இருக்கு. கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அந்த உப்பு உடம்புத் தண்ணியை உறிஞ்சிடாம இருக்க, கடல்வாழ் நண்டும் சிங்கியும் தங்களோட செல்லுக்குள்ளே கிளைசின் மாதிரி அமினோ அமிலங்களைச் சேர்த்து வெச்சுக்கும். கிளைசின் நம்ம நாக்குக்கு இனிப்பு! நல்ல தண்ணி நண்டுக்கு அந்தப் போராட்டம் இல்லை. அதனால அந்த அளவு இனிப்பும் இல்லை.

ஆனா ரசத்தை ஒரு மடக்கு குடிச்ச பாம்பன்காரன் டம்ளரைக் கீழே வைக்கலை. ‘‘மாப்ள, இதுல இனிப்பு கம்மிதான். ஆனா மழை பெஞ்ச மண்ணு வாசம் இருக்குடா. எங்க கடல் நண்டுல இது வராது’’ன்னான். இத்தனை வருஷம் தேடின வார்த்தையை அவன் கண்டுபிடிச்சுட்டான்.

அம்மா வாழ்க்கையில முதல் தடவையா சிங்கி சாப்பிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் அவங்க வாயையே பார்த்துட்டு இருந்தோம். மெதுவா மென்னு முழுங்கிட்டு, ‘‘நல்லாத்தான் இருக்கு. இதுக்கா இம்புட்டு விலை?’’ன்னாங்க. அப்புறம் ரகசியம் மாதிரி, ‘‘இதை எடுத்த மனுஷன் கடலுக்குள்ளே போய்ட்டு வரணும்ல... அதுக்குத்தான் விலை போல’’ன்னாங்க.

அடுத்த வாரம் ஹாஸ்டல்ல லைட் அணைஞ்சதும் நானே ஆரம்பிச்சேன். எங்க அம்மா ஏலத்தோட்டத்துல வேலை பார்க்கிறாங்க, சாயங்காலம் தூக்குவாளியில நண்டு கொண்டுவருவாங்கன்னு மொத்தமும் சொன்னேன். முதல் வருஷம் விட்ட கொடுக்குக் கதையையும் சேர்த்தேதான். ரூமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சதும் ஒருத்தன் கேட்டான், ‘‘அடுத்த லீவுக்கு எங்களையும் கூட்டிட்டுப் போவியா?’’

உங்க ரூம்லயும் இன்னிக்கு ராத்திரி அந்தக் கேள்வி வரலாம். ‘உங்க ஊர்ல என்ன ஸ்பெஷல்?’னு. வயல் நத்தையோ, ஈசலோ, கருவாட்டுத் துண்டோ... நிஜமா எது ருசிச்சுதோ அதைச் சொல்லுங்க. என்னை மாதிரி இல்லாத கொடுக்கைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்காதீங்க!

சொல்ல மறந்துட்டேனே... அந்த மூணு சிங்கி ஓட்டையும் அம்மா தூக்கிப் போடலை. மறுநாள் காலையில நச்சுப் போட்டு ரசம் வெச்சுட்டாங்க! நண்பன் கிளம்பும்போது ஒரு பொட்டலம் ஏலக்காயை அவன் கையில திணிச்சாங்க. வெடிச்ச காய் இல்லை, எட்டு மில்லி. காசு கொடுத்து வாங்கினது. கூடவே ஒரு தகவலும் சொல்லி அனுப்பினாங்க.

‘‘அடுத்த வாட்டி தலையையும் தனியா ஐஸ்ல போட்டு அனுப்பச் சொல்லு சாமி. ரசத்துக்கு ஆகும்!’’