உப்புத்தண்ணிக்கு ஆகும் பயிர்

கயத்தாற்றுக்கு மேற்கே எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல் இருக்கிறது. மூன்று வருஷம் தரிசாகக் கிடந்த அதை இந்தச் சித்திரையில் உழுதேன். உழுதேன் என்று சொல்வது பாதிதான் உண்மை. டிராக்டர் ஓட்டியது பக்கத்து ஊர்த் தம்பி. நான் வரப்பில் குடை பிடித்து நின்றேன். வீட்டில் கட்டிலில் கிடந்தபடி அப்பா மொத்தக் காட்டையும் உழுதுகொண்டிருந்தார்.

எங்கள் காட்டைச் சுற்றி இப்போது காற்றாலைகள்தான். அவற்றின் இறக்கை நிழல் வெயில் சாயும் நேரத்தில் வரப்பு தாண்டி வந்து போகும். போன மாசியில் ஒரு தரகர் வீட்டுக்கு வந்தார். சோலார் கம்பெனிக்கு நிலம் எடுக்கிறார்களாம். நல்ல விலை சொன்னார். "சும்மா கெடக்குற பூமிதான அண்ணாச்சி" என்றார். அப்பா கட்டிலில் இருந்து எழாமலே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"விக்கணும்னா வில்லு. ஆனா தரிசா விக்காத. ஒரு வருஷம் உழுதுட்டு வில்லு."

அதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. திருநெல்வேலியில் வேலை பார்க்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை விவசாயி. சரி என்று சொல்லிவிட்டேன்.

கரிசல் ஒரு வினோதமான மண். ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மேல் மண் அந்த வெடிப்புக்குள் சரிந்து விழும். அடுத்த மழையில் வெடிப்பு மூடிக்கொள்ளும். வருஷா வருஷம் தானே கொஞ்சம் உழுதுகொள்கிற மண் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது போதாது. எங்கள் பக்கம் வருஷத்துக்கு எழுநூறு மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். கிணற்றை நம்பாத மானாவாரிக்காரனுக்கு அந்தத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கி வைப்பதுதான் வேளாண்மை. மேல் மண் இறுகிக் கிடந்தால் மழை ஓடைக்குப் போய்விடும். அதற்குத்தான் கோடை உழவு.

சித்திரையில் ஒரு மழை விழுந்தது. மறுநாள் ரோட்டவேட்டருக்குச் சொல்லிவிட்டு அப்பாவிடம் வந்து சொன்னேன். சத்தம் போட்டார்.

"மாவாட்டவா போற? கரிசலுக்குக் கட்டி வேணும்லே. பவுடராக்கிப் போட்டா அடுத்த மழையில மேல பத்துப் போட்டாப்புல அடைச்சிக்கிடும். அருகும் துண்டு துண்டா வெட்டுப்பட்டு காடு பூராத் தழைக்கும். சட்டிக் கலப்பைய விடு. சரிவுக்குக் குறுக்க ஓட்டச் சொல்லு."

அப்படியே செய்தோம். சட்டிக் கலப்பை போன இடமெல்லாம் பானை பானையாகக் கட்டிகள் புரண்டு கிடந்தன. அருகம்புல் வேர் வெயிலைப் பார்த்து மல்லாந்தது. கட்டியைக் கட்டியாகவே விட்டு வெயிலில் வேகவைக்க வேண்டும். வெயிலும் இடையில் விழும் தூறலும் சேர்ந்து அவற்றைத் தானாக உதிர்த்துவிடும். ஆடியில் ஒன்பது கொத்துக் கலப்பை விட்டால் போதும்.

அன்று இரவு அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று, "நான் நிலம் பண்ணப் படிச்சது இந்த ஊர்ல இல்ல, தெரியுமா?" என்றார்.

எழுபதுகளின் நடுவில் மழை ஏமாற்றியபோது அவர் திண்டுக்கல் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார். வேடசந்தூரைச் சுற்றிய கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் புகையிலை. வாயில் போட்டு மெல்லுகிற சாதி. வேடசந்தூரில் அப்போது புகையிலைக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. எங்கள் கோவில்பட்டியில் 1901இல் இருந்தே ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. அது பருத்திக்கும் சோளத்துக்கும் பெயர் போனது.

"புகையிலைக்காரன் மாதிரி நிலம் பண்ண ஆள் கிடையாது" என்றார் அப்பா. கோடையில் ஆழ உழவு. அப்புறம் மூணு, நாலு உழவு. ஏக்கருக்குப் பத்து டன் தொழு உரம், இல்லையென்றால் ஆட்டுக்கிடை. நாற்றங்காலுக்கு மேட்டுப்பாத்தி கட்டி, அதன் மேல் செத்தையையும் மாரையும் பரப்பித் தீ வைப்பார்களாம். மண்ணில் இருக்கும் களை விதையும் புழுவும் வெந்து போகும். புகையிலை விதை தூசி மாதிரி. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கும். மணலோடு கலந்துதான் தூவ முடியும். அவ்வளவு சின்ன விதைக்கு மண் எவ்வளவு பதமாக இருக்க வேண்டும்! நாற்று நட்ட பிறகு வேறொரு பகை. புகையிலை வேரில் ஒட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் ஒரு களை, இலை இல்லாமல் காளான் போலப் பூத்து வெளியே வரும். பூ விதையாவதற்குள் பிடுங்காவிட்டால் அந்த விதை வருஷக்கணக்கில் மண்ணில் காத்துக் கிடக்கும்.

"எலை ஒடிக்கிற அன்னிக்கு பனி ஈரத்தோட தொட்டா, ராத்திரி தலையச் சுத்தும், வாந்தி வரும். தோல் வழியாவே ஏறும் அது" என்றார். சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டார்.

அங்கே அவர் தெரிந்துகொண்ட இன்னொரு சங்கதிதான் முக்கியம். சிகரெட்டுக்குப் போகிற புகையிலைக்கு உப்புத்தண்ணீர் ஆகாது, இலை சரியாக எரியாது. மெல்லுகிற புகையிலைக்கு உவர்ப்புக் கிணறுதான் நல்லது என்பார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரை மாடுகூட முகம் சுளித்துத்தான் குடிக்கும். மிளகாய் வைத்துக் கருகிப்போன கிணறு. இருபத்தைந்து வயது ஆளுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? ஊரே சபிக்கிற தண்ணீருக்கு ஒரு பயிர் இருக்கிறது!

ஊர் திரும்பினார். ஆந்திராவில் குண்டூர்ப் பக்கம் கரிசலிலேயே, மழை நின்ற பிறகு மண்ணில் தங்கிய ஈரத்தை வைத்துப் புகையிலை எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னது வேறு. கிணற்றை ஒட்டிய அரை ஏக்கரை நாலு தடவை உழுதார். கீதாரிகளைப் பிடித்து ஆறு ராத்திரி கிடை போட்டார். பருத்திமாரைக் குவித்துப் பாத்தியில் தீ வைத்தார். விதை, வேட்டி முனையில் முடிச்சாக இருந்தது.

அம்மா அதுவரை ஒன்றும் சொல்லவில்லையாம். அம்மாவைப் பெற்ற ஆச்சி, வாயில் புற்று வந்து, கன்னம் ஓட்டையாகி, கஞ்சி குடித்தால் வழியே வடிந்து செத்துப்போனவள். ஐம்பது வருஷம் கன்னத்தில் அடக்கிய புகையிலை. தீ வைத்த அன்று சாயங்காலம் அம்மா காட்டுக்கு வந்து பாத்தியைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்.

"நல்லா வெளையுமா?"

"பிரமாதமா வெளையும்."

"அதாங்க எனக்குப் பயமா இருக்கு. வெளைஞ்சா விடமாட்டீங்க."

சண்டை இல்லை, அழுகை இல்லை. அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா முடிச்சை அவிழ்க்கவில்லை. அந்த அரை ஏக்கரில் சோளம் விதைத்தார். புகையிலைக்காகப் பக்குவம் பண்ணிய மண். சோளம் ஆள் மறைகிற உயரத்துக்கு வந்ததாம்.

இந்தக் கதையை இங்கே முடித்தால் அப்பா பெரிய மனிதராகத் தெரிவார். அவர் புகையிலையை விதைக்கவில்லை, அவ்வளவுதான். மெல்லுவதை விடவில்லை. வெற்றிலைப் பையில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும். அம்மா இருந்தவரை அவள் கண்ணில் படாமல் கொல்லைக்குப் போய்த் துப்புவார். நாலு வருஷத்துக்கு முன் உள்கன்னத்தில் வெள்ளைத் தழும்பு இருப்பதைப் பார்த்து டாக்டர் எச்சரித்தார். அதன் பிறகுதான் நிறுத்தினார். தழும்பு இன்னும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுகிறோம்.

"அம்மா அவ்வளவு சொல்லியும் ஏம்ப்பா?" என்று கேட்டேன்.

"காட்டுல வேற ஆளுக்கு வெளைய வைக்கக்கூடாதுன்னு தோணிச்சு. எனக்கு நானே போட்டுக்கிட்டது கணக்குல வரலை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தப்புதான்" என்றார்.

ஆடியில் இரண்டாம் உழவு முடிந்தது. கிழக்கோரம் அருகு இன்னும் தலைகாட்டுகிறது. கையால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில், மழைக்குக் கொஞ்சம் முன்னாலேயே புழுதியில் உளுந்தும் சோளமும் விதைக்கலாம் என்று இருக்கிறோம். மக்காச்சோளம் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். 2018இல் படைப்புழு வந்ததில் இருந்து அவருக்கு அதன் மேல் நம்பிக்கை போய்விட்டது. போதாததற்குப் பன்றி வேறு.

தரகர் போன வாரம் மறுபடி போன் பண்ணினார். தை அறுப்பு முடியட்டும் என்றேன். "அதுக்குள்ள வெலை எறங்கிரும் அண்ணாச்சி" என்றார். இறங்கலாம். தையில் நான் விற்கவும் செய்யலாம். ஆனால் தரிசாக விற்காதே என்று அப்பா ஏன் சொன்னார் என்பது இப்போது கொஞ்சம் புரிகிறது. எதற்கு ஆகும் மண் என்று தெரிந்துகொண்டு அப்புறம் கைமாற்று என்றிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காட்டில் இருந்து ஒரு கட்டியை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கண் இப்போது சரியாகத் தெரிவதில்லை. விரலால் அழுத்தினார். பாதி உதிர்ந்து போர்வையில் விழுந்தது, பாதி நின்றது.

"இன்னொரு மழை வேணும்ல" என்றார்.