புதுக்கை

பசறைப் பக்கத்துத் தேயிலை மலை. பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து நிரை பிரித்தாயிற்று. புதிதாய்ப் பேர் பதிந்த பிள்ளையை இரண்டு பழையவர்களுக்கு நடுவில் விட்டிருக்கிறார்கள். "பொடியா இருக்கத விடு புள்ள, அது அரும்பு. அடுத்த சுத்துக்கு." சொல்லும் அக்காவின் கை நிற்கவே இல்லை.

*

இரண்டு இலை, ஒரு மொட்டு, பேச்சுக்கு அவ்வளவுதான். விரல்கள் சேர்ந்து ஒரு சின்ன முறி, நகம் படக்கூடாது. பழகாத கை ஒன்று முத்தல் இலையையும் சேர்த்து உருவும், இல்லையேல் அரும்பையும் கிள்ளிவிடும். முதல் தப்பு அன்றைக்கே நிறுவையில் பிடிபடும். இரண்டாவது, ஏழெட்டு நாள் கழித்து அதே செடிக்கு வரும்போதுதான் தெரியும்.

*

தராசுக்குப் பழையவள், புதியவள் தெரியாது. 18 கிலோ என்றால் முப்பது வருசம் பறித்தவளுக்கும் 18, போன மாசம் வந்தவளுக்கும் 18. குறைந்தால் அரைப்பேர். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அரைப்பேர்காரிக்கு அதில் பாதி. நிறுக்கப் போகும் வழியில் பக்கத்து நிரைக்காரி இரண்டு கை கொழுந்தை அள்ளிப் புதுப்பிள்ளையின் சாக்கில் போட்டாள். கணக்கப்பிள்ளையும் பார்த்தார். கொப்பியைப் புரட்டத் தொடங்கினார்.

*

யூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும் காலம், ஏலத்தில் விலையும் ஏறும். காய்ந்த காற்றில் தளிரோ மெதுவாகத்தான் வரும். தொழில் பழக இதைவிடக் கெட்ட பருவம் இல்லை.

*

தேயிலைச் செடிக்குள் கொண்டைக்குருவிக் கூடு. குஞ்சு ஒன்று கீழே, வால் முளைக்காமல், வாயைப் பிளந்துகொண்டு. ஒரு பையன் வீட்டுக்குத் தூக்கிப்போகப் பார்த்தான். இந்தக் குஞ்சுகள் சரியாகப் பறக்கத் தெரியுமுன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். தாயும் தகப்பனும் பூச்சியோடு பக்கத்தில்தான் நிற்கும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் வெறும் பேச்சு. செடிக்குள் வைத்துவிட்டு நாங்கள் விலக, பத்து நிமிசத்தில் ஒன்று வந்துவிட்டது.

*

முன்பெல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே மலைக்கு ஏற்றிவிடுவார்கள். வேலைக்கான குறைந்த வயது 16 என்று 2021இல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது புதுக்கைகளில் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து திரும்பிய நாற்பது வயதுக்காரிகளும் உண்டு. இவர்களை அதட்டக் கங்காணிக்குக் கூச்சம். "இடுப்புப் படங்கக் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்கக்கா" என்று தணிந்துதான் சொல்கிறார்.