மடிப்பு இல்லாத புத்தகங்கள்

240 பக்கப் புத்தகத்தை பைண்டிங் பட்டறையில் 15 பாரம் என்பார்கள். டெமி அளவுத் தாளின் இரு புறமும் எட்டெட்டுப் பக்கங்கள் அச்சாகி வரும். மூன்று முறை மடித்தால் 16 பக்கம். அது ஒரு பாரம். 1000 படிகளுக்கு 15,000 தாள், 45,000 மடிப்பு. பெரிய அச்சகங்களில் இதற்கு எந்திரம் உண்டு. திருவல்லிக்கேணியில் நான் போயிருந்த பட்டறையில் பெண்கள்தான் கையால் மடித்து வந்திருக்கிறார்கள். பக்க எண் மேல் பக்க எண் வருகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து மடிப்பது, பாரங்களை வரிசைப்படி அடுக்குவது, நடு மடிப்பில் ஊசி ஓட்டித் தைப்பது என எல்லாமே அவர்கள் வேலை.

இப்போது அங்கே மடிக்கிற வேலை அநேகமாக இல்லை. டிஜிட்டல் எந்திரத்தில் அச்சாகும் தாள் 13க்கு 19 அங்குலம். அதில் ஒரு புறத்துக்கு நான்கு பக்கங்கள் பிடிக்கும். தாள்கட்டை நான்காக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பக்க வரிசை தானாகவே வந்துவிடும்படி கணினியிலேயே அமைத்துவிடுகிறார்கள். பட்டறைக்கு வருவது உதிரித் தாள்களின் கட்டு. அதைப் பசை பைண்டிங் எந்திரத்தின் பிடியில் செருகினால் கீழே சுழலும் பிளேடு முதுகைச் சுரண்டும், உருளை சூடான பசையைத் தடவும், ராப்பர் எனும் மேலட்டை வந்து ஒட்டும். ஒரு படிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“மடிக்கிறதுக்கு இதுல என்னா தம்பி இருக்கு? எல்லாம் தனித்தனித் தாளா வருது” என்றார் அங்கே நீண்ட காலமாக வேலை பார்க்கும் அம்மா. முன்பு பாரக் கணக்கில் கூலி. பாரமே இல்லாதபோது அந்தக் கணக்கும் போய்விட்டது. கூட வேலை பார்த்தவர்களில் சிலர் துணிக்கடைப் பை ஒட்டும் வேலைக்குப் போய்விட்டார்களாம். இவர் இப்போது ராப்பருக்குக் கோடு போடுகிறார், ஒட்டிய படிகளைச் சரிபார்க்கிறார்.

மாற்றத்தின் காரணம் அச்சுத் தகடான பிளேட்டில் இருக்கிறது. பாரமாக அச்சிடும் ஆஃப்செட் முறையில் ஒவ்வொரு பாரத்துக்கும் பிளேட் போட வேண்டும். 50 படி அடித்தாலும் 1000 படி அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். அதனால் பதிப்பாளர்கள் நூலகங்கள் வாங்கும் ஆணையை நம்பி 1000, 1200 என்று அடித்தார்கள். விற்காதவை கிடங்கில் கிடந்தன. டிஜிட்டலில் பிளேட் கிடையாது. 30 படி போதும் என்றால் 30 படி. எழுதியவரே பதிப்பாளர் ஆவதற்கு இதுதான் வழி திறந்தது. 2014இல் இணையத்தில் கதைகள் வெளியிடும் பிரதிலிபி தொடங்கியது, 2016இல் கிண்டிலில் தமிழ் நூல்களை ஏற்ற அமேசான் வசதி செய்தது என்று திரையில் நடந்தவற்றைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் திரையில் எழுதிப் பெயர் பெற்றவர்கள் பலர், ‘அம்மா கையில் கொடுக்க வேண்டும், ஊரில் வெளியிட வேண்டும்’ என்று 30 படிக்கும் 50 படிக்கும் தன்னிடம் வருகிறார்கள் என்கிறார் பட்டறைக்காரர். மின்னூல் வந்ததால் அவருக்கு வரும் தலைப்புகள் கூடியிருக்கின்றன; ஒவ்வொன்றின் படிகள்தான் குறைந்திருக்கின்றன.

நான் இருந்த அன்று ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்திருந்தார். தன் ஊர் ஏரியின் வரலாற்றை எழுதியிருக்கிறார். மடை எத்தனை, கலங்கல் எங்கே, எந்தக் குடும்பம் தலைமுறையாக மடை திறந்தது, எந்த ஆண்டு கரை உடைந்தது எல்லாம் அதில் உண்டு. 50 படி வேண்டும். மாதிரிக்கு ஒரு படி போட்டிருந்தார்கள். அந்த அம்மா அதை வாங்கி, நடுவில் விரித்து, இரு கட்டை விரலாலும் அழுத்தினார். வரிகளின் முதல் எழுத்துகள் முதுகுக்குள் புதைந்து கிடந்தன.

“உள்பக்கம் இடமே வுடலியே சார். முதுகைச் சுரண்டி பசை ஏத்துனா எழுத்து உள்ள போயிடும். படிக்கிறவங்க புத்தகத்தப் பொளந்துதான் பாக்கணும்.”

தலைமையாசிரியர் நான்கு புறமும் ஒரே அளவு இடம் விட்டுத் தட்டச்சு செய்திருந்தார். உள்புறம் கூடுதலாக விட வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. பதிப்பகத்தில் இதைப் பக்கம் வடிவமைப்பவர் பார்த்திருப்பார். மெய்ப்புப் பார்ப்பவர் ஒற்றுப் பிழைகளைக் களைந்திருப்பார். தானே பதிப்பிக்கிறவருக்கு முழு அச்சுக்கு முன்னால் மாதிரிப் படியைக் கையில் எடுத்துப் பார்க்கிற முதல் வெளியாள் பெரும்பாலும் பைண்டர்தான். முன்பு எழுத்தாளரும் பைண்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இன்று எதிரெதிரே நின்று பேசுகிறார்கள். இந்தச் சந்திப்பை நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஓர் ஊரின் ஏரிக்காக 1000 படி அடிக்கும் பதிப்பாளரை எங்கே தேடுவது? எத்தனையோ ஏரிகளின் கதை இதனால்தான் எழுதியவரோடு போயிருக்கிறது. சுயபதிப்பைக் குப்பை என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் பட்டறைக்கு ஒரு முறை வந்து மேசைமேல் கிடப்பவற்றைப் புரட்ட வேண்டும். கவிதைத் தொகுப்புகள் நிறைய உண்டு, அவற்றில் பல அவசரமானவை. ஆனால் குலதெய்வக் கோயில் வரலாறு, தறி வேலையின் சொற்கள், தாத்தாவின் சித்த மருத்துவக் குறிப்பு என்று வேறு எவரும் அச்சிடத் துணியாதவையும் அங்கேதான் கிடக்கின்றன.

என் கவலை இவை எவ்வளவு காலம் தாங்கும் என்பது. பசையில் மட்டும் நிற்கும் புத்தகம் பழசாகப் பழசாக இறுகி, விரிக்கும்போது முதுகில் வெடிக்கும். ஒரு தாள் கழன்றால் அடுத்ததும் தளரும். பாரம் தைத்த புத்தகத்தில் ஒவ்வொரு தாளும் மடிப்பில் நூலைக் கட்டிக்கொண்டிருப்பதால் அட்டையே போனாலும் உள்ளடக்கம் சிதறாது. ஏரி வரலாற்றை இன்னும் 40 ஆண்டு கழித்து ஒருவர் தேடி வருவார். அவருக்கு அது முழுசாகக் கிடைக்க வேண்டும்.

இதற்கு அந்த அம்மாவிடமே வழி இருந்தது. 13க்கு 19 தாளை நான்காக வெட்டாமல் இரண்டு முறை மடித்தால் எட்டுப் பக்கப் பாரம் கிடைக்கும். அதற்கேற்பக் கணினியில் பக்க வரிசையை மாற்றிப் போட்டால் போதும், எந்திரம் அதேதான். “எட்டுப் பக்கமாப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க, நான் தைச்சுத் தர்றேன்” என்றார். 240 பக்கத்துக்கு 30 பாரம் ஆகும். நூல் கூடுவதால் முதுகு வீங்கும், மெல்லிய நூல்தான் ஓட்ட வேண்டும். பிறகு ஒரு தாளை எடுத்து நீளவாக்கில் கிழித்துக் காட்டினார். கோடு பிடித்ததுபோல நேராகக் கிழிந்தது. குறுக்கே கிழித்தார், கோணலாகப் போனது. காகிதத்தின் நார் நீளவாக்கில் ஓடுகிறது என்று பொருள். நார் முதுகுக்கு இணையாக ஓடினால்தான் மடிப்பு படியும், புத்தகம் விரித்த இடத்தில் நிற்கும். மாறி ஓடினால் தைத்தாலும் சரியாக விரியாது.

சுயபதிப்புச் சேவை தரும் நிறுவனங்களின் கட்டணப் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். அட்டை வடிவமைப்புக்கும் ஐஎஸ்பிஎன்னுக்கும் இணையக் கடையில் ஏற்றவும் தனித்தனி வரிகள் இருந்தன. தையலா பசையா என்ற கேள்வி நான் பார்த்த எதிலும் இல்லை. கேட்டால் செய்து தர இன்னும் ஆள் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவர் இனி எழுதியவர்தான், பதிப்பாளரும் அவரே என்பதால்.

தலைமையாசிரியர் கேட்டார். உள்புறம் முக்கால் அங்குலம் விட்டுக் கோப்பை மாற்றிக் கொண்டுவருவதாகச் சொன்னார். 40 படி பசையில்; ஊர் நூலகத்துக்கும் பள்ளிக்கும் போகிற 10 படி தையலில். தையலுக்குப் படிக் கணக்கில் தனிக் கூலி என்று அந்த அம்மா சொன்ன தொகையைப் பட்டறைக்காரர் ரசீதில் தனி வரியாக எழுதினார்.