கோப்பை என்ன விலை?

ஹுவான் ஸோட்டோ என்று ஒருவர். பேஸ்பால் ஆடுகிறவர். 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் டீம் இவரை 15 வருஷத்துக்கு ஒப்பந்தம் செய்தது. தொகை, 76 கோடியே 50 லட்சம் டாலர்.

பி.காம். படித்தவன் கையில் இப்படி ஒரு நம்பரைக் கொடுத்தால் சும்மா இருக்க மாட்டான். வகுத்துப் பார்ப்பான். பார்த்தேன். வருஷத்துக்கு 5 கோடியே 10 லட்சம். வருஷத்துக்கு 162 மேட்ச். ஆக, மேட்ச் ஒன்றுக்கு 3 லட்சத்து 14 ஆயிரத்துச் சொச்சம் டாலர். பந்தை அடித்தாலும் சரி, காற்றை அடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாலும் சரி. தயவுசெய்து இதை ரூபாயாக மாற்றிப் பார்க்காதீர்கள். மத்தியானம் டிபன் பாக்ஸ் இறங்காது.

சரி, இவ்வளவு கொட்டிக் கொடுத்தார்களே, 2025ல் மெட்ஸ் என்ன ஆயிற்று? 83 வெற்றி, 79 தோல்வி. ப்ளே-ஆஃபுக்கே போகவில்லை. கடைசி நாள் வரை இழுத்து, கடைசி நாளில் கோட்டை விட்டார்கள். ஸோட்டோ மேல் பழி சொல்ல முடியாது. மனிதர் 43 ஹோம் ரன் அடித்தார்.

இந்த விஷயமெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் என் மாமா பையன். 2012ல் வேலை கிடைத்துப் பிட்ஸ்பர்க் போனான். பிட்ஸ்பர்க் என்றால் நமக்கெல்லாம் வெங்கடாசலபதி கோயில்தான் ஞாபகம் வரும். 1976ல் கட்டியது. அவனும் போன புதிதில் சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குத்தான் போனான். பிறகு யாரோ ஒரு நாள் பைரேட்ஸ் டீமின் மேட்சுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து பெருமாளிடம் அவன் வேண்டுவதே வேறாகிவிட்டது.

பைரேட்ஸ் ஏழை டீம். ஏழை என்றால் நம் அர்த்தத்தில் இல்லை; அமெரிக்க அர்த்தத்தில். ஊர் சின்னது. டி.வி. வருமானம் கம்மி. நல்ல ஆட்டக்காரனை வளர்ப்பார்கள். வளர்ந்ததும் பணக்கார டீம் ஒன்று வந்து தூக்கிக்கொண்டு போகும். நம்மாள் ராத்திரி போன் போட்டுப் புலம்புவான்.

“மாப்ளே, இது ஆட்டமே இல்லடா. ஒருத்தன் பத்து ரூபாயோட சந்தைக்கு வர்றான், இன்னொருத்தன் நாலு ரூபாயோட வர்றான். இதுல போட்டி எங்கேர்ந்து வரும்?”

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஐ.பி.எல். ஏலத்தில் எல்லா டீமுக்கும் ஒரே பர்ஸ். அமெரிக்க பேஸ்பாலில் அப்படி உச்சவரம்பு கிடையாது. முடிந்தவன் முடிந்த மட்டும் கொடுக்கலாம்.

அவன் ஆபீஸில் வயசானவர்கள் இன்றைக்கும் 1992 அக்டோபர் 14ஐப் பற்றி, வீட்டில் துக்கம் நடந்த தேதி மாதிரிப் பேசுவார்களாம். அட்லாண்டா பிரேவ்ஸுடன் ஏழாவது மேட்ச். ஜெயித்தால் வேர்ல்ட் சீரீஸ். கடைசி இன்னிங்ஸ் ஆரம்பிக்கும்போது பைரேட்ஸ் 2, அட்லாண்டா 0. முடியும்போது அட்லாண்டா 3, பைரேட்ஸ் 2. வெற்றி ரன்னுக்காக ஓடி வந்தவர் ஸிட் ப்ரீம். முழங்காலில் பல ஆபரேஷன் செய்துகொண்டவர். அந்தக் காலத்து மெதுவான ஓட்டக்காரர்களில் ஒருவர். இடது பக்கத்திலிருந்து பந்தை எறிந்தவர் பாரி பாண்ட்ஸ். பந்து கொஞ்சம் தள்ளி வந்தது. ப்ரீம் சறுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அவ்வளவுதான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த ஸிட் ப்ரீம் 1990 வரை பைரேட்ஸ்காரர். ஃப்ரீ ஏஜென்ட் ஆகி அட்லாண்டா போனவர். 1991 முடிந்ததும் பாபி போனியா என்ற நல்ல ஆட்டக்காரரை மெட்ஸ் 2 கோடியே 90 லட்சம் டாலருக்குக் கொண்டுபோய்விட்டது. 1992 முடிந்ததும் பாரி பாண்ட்ஸே சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். ஆறு வருஷத்துக்கு 4 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அதற்குப் பிறகு பைரேட்ஸ் 1993லிருந்து 2012 வரை, தொடர்ந்து 20 வருஷம், ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். ஒரு குழந்தை பிறந்து, பள்ளிக்கூடம் முடித்து, காலேஜ் போய்ச் சேருகிற வரை!

இதைக் கேட்டால் யாருக்கும் மனசு இளகும். எனக்கும் இளகியது. ஆனால் முழுசாக இளகாததற்கு ஒரு காரணம் உண்டு.

நான் படித்து முடித்துச் சேர்ந்த முதல் கம்பெனியில் (பேர் வேண்டாம்) அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். சேரும்போதே இரண்டு வருஷத்துக்கு பாண்டு எழுதி வாங்கினார்கள். ஒரிஜினல் டிகிரி சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். எட்டாவது மாதம் வேறு இடத்தில் ஒன்றரை மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் பீரோ சாவியைக் காட்டி, “ட்ரெய்னிங் கொடுத்தது நாங்க தம்பி. நீ இப்ப போனா எங்க டீம் என்ன ஆகறது?” என்றார். டீமாம்! அந்த டீமில் எனக்கு மாதா மாதம் பஸ் பாஸ் எடுக்கவே மூச்சு முட்டும்.

பேஸ்பாலிலும் இந்த பாண்டு இருந்தது. அங்கே இரண்டு வருஷம் இல்லை, ஆயுள் பூராவும். ரிசர்வ் ஷரத்து என்று பெயர். 1879ல் ஆரம்பித்த வழக்கம். ஒரு டீமில் கையெழுத்துப் போட்டால், அந்த டீமாகப் பார்த்து விற்கும் வரை அல்லது விரட்டும் வரை அதே டீம்தான். சம்பளம் அவர்கள் வைத்ததுதான்.

கர்ட் ஃப்ளட் என்று செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீமில் ஓர் ஆட்டக்காரர். 12 வருஷம் அந்த டீமுக்கு ஆடியவர். 1969 அக்டோபரில் அவரைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டார்கள். வருஷம் 90 ஆயிரம் டாலர் சம்பளம். அந்தக் காலத்தில் பெரிய தொகை. பேசாமல் போயிருக்கலாம். இவர் போகவில்லை. நான் என்ன வாங்கி விற்கிற சாமானா என்று கமிஷனருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். 1972ல் சுப்ரீம் கோர்ட்டில் 5க்கு 3 என்ற கணக்கில் தோற்றார். ஆட்ட வாழ்க்கையும் அதோடு போயிற்று.

மூன்றே வருஷத்தில் கதை மாறியது. ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்று இரண்டு பந்து வீச்சாளர்கள், 1975ல் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாமல் இருந்து பார்த்தார்கள். ஷரத்தில் இருந்தது இதுதான்: ஆட்டக்காரன் கையெழுத்துப் போடாவிட்டால், டீம் பழைய ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டிக்கலாம். முதலாளிகள் இதற்குச் சொன்ன அர்த்தம்: நீட்டித்த ஒப்பந்தத்திலும் அதே ஷரத்து இருப்பதால் அதையும் நீட்டிக்கலாம், அதற்கப்புறம் அதையும் நீட்டிக்கலாம்... பீட்டர் ஸைட்ஸ் என்ற மத்தியஸ்தர் 1975 டிசம்பர் 23ல் தீர்ப்பு சொன்னார். ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தான். முதலாளிகள் உடனே செய்த காரியம், ஸைட்ஸை வேலையை விட்டு அனுப்பியது!

இங்கேதான் பி.காம்.காரனுக்குப் பிடித்த கட்டம் வருகிறது. எல்லா ஆட்டக்காரர்களும் ஒரேயடியாக விடுதலை ஆகிவிடுவார்கள் போலிருந்தது. ஓக்லண்ட் முதலாளி சார்லி ஃபின்லி, “ஆகட்டுமே, வருஷா வருஷம் எல்லாரையும் ஃப்ரீ ஏஜென்ட் ஆக்கிவிடலாம்” என்கிற யோசனையைச் சொன்னார். மற்ற முதலாளிகள் அவரைக் கிறுக்கன் என்று ஒதுக்கினார்கள். ஆட்டக்காரர் யூனியனின் தலைவர் மார்வின் மில்லர் மட்டும் பயந்துபோனார். இரும்பாலைத் தொழிலாளர் யூனியனில் பொருளாதாரம் பார்த்தவராயிற்றே! சந்தையில் எல்லாத் தக்காளியும் ஒரே நாளில் வந்து இறங்கினால் கிலோ என்ன விலைக்குப் போகும்? கொஞ்சம் கொஞ்சமாக வந்தால்தானே கிராக்கி? ஃபின்லியின் யோசனையை யாரும் கேட்காதது மில்லரின் அதிர்ஷ்டம். 1976ல் உடன்பாடு ஆயிற்று. ஆறு வருஷம் ஆடினால் ஃப்ரீ ஏஜென்ட்.

அந்த ஆறு வருஷம்தான் பைரேட்ஸ் மாதிரி டீம்களின் மூச்சு. முதல் இரண்டு, மூன்று வருஷம் டீம் கொடுப்பதுதான் சம்பளம். அப்புறம் மத்தியஸ்தரிடம் போய்க் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். பேரம் பேசும் சுதந்திரம் அதற்கப்புறம்தான். அதாவது, ஏழை டீம் தாக்குப்பிடிப்பதற்கான செலவைக் கொடுப்பது பணக்கார டீம் இல்லை. 23 வயசுப் பையன்.

சுதந்திரம் வந்த பிறகும் முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. 1985லிருந்து 1987 வரை, அடுத்த டீம்காரனை யாரும் கூப்பிடுவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். 1987ல் ஆண்ட்ரே டாஸன் என்ற பெரிய ஆட்டக்காரர் வெறுத்துப்போய், சம்பளத் தொகையை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, “நீங்களே எழுதிக்குங்க” என்று சிகாகோ கப்ஸிடம் நீட்டினார். 5 லட்சம் டாலர் என்று எழுதினார்கள். அந்த வருஷம் லீகிலேயே சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்! கூட்டுச் சதி நிரூபணமாகி, 1990ல் முதலாளிகள் 28 கோடி டாலர் நஷ்ட ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். செலவைக் கட்டுப்படுத்தினால்தான் ஆட்டம் நியாயமாக இருக்கும் என்று முதலாளி யாராவது சொன்னால், நான் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சரி, பணம் கோப்பையை வாங்குமா, வாங்காதா?

நியூயார்க் யாங்கீஸின் முதலாளி ஜார்ஜ் ஸ்டைன்ப்ரென்னர் ஆட்டக்காரர்களை வாங்குவதில் பேர் போனவர். 1977லும் 1978லும் கோப்பை. அதற்கப்புறம் எவ்வளவு செலவழித்தும் 1996 வரை கிடைக்கவில்லை. 1996லிருந்து 2000க்குள் நான்கு முறை ஜெயித்தபோது முதுகெலும்பாக இருந்த ஜீட்டர், ரிவேரா, பெட்டிட், பொஸாடா, பெர்னி வில்லியம்ஸ் எல்லாரும் சொந்த நாற்றங்காலில் வளர்ந்தவர்கள். 2002ல் ஓக்லண்டின் மொத்தச் சம்பளம் சுமார் 4 கோடி டாலர், யாங்கீஸுக்கு 12 கோடிக்கு மேல். இரண்டும் 103 மேட்ச் ஜெயித்தன. இரண்டுமே முதல் சுற்றில் வெளியேறின. 2023ல் மெட்ஸ் அதுவரை யாரும் கொடுக்காத சம்பளம் கொடுத்து, வரம்பைத் தாண்டியதற்கு லக்ஸுரி டாக்ஸ் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் கட்டியது. பலன்: 75 வெற்றி, 87 தோல்வி. 2001லிருந்து 2023 வரை எந்த டீமும் அடுத்தடுத்து இரண்டு வருஷம் கோப்பையை வாங்கவில்லை.

இதையெல்லாம் அடுக்கி மாமா பையனின் வாயை அடைத்து வைத்திருந்தேன். வந்தது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். 2023 டிசம்பரில் ஷோஹெய் ஒடானியை 70 கோடி டாலருக்கு எடுத்தார்கள். அதில் 68 கோடியை 2034லிருந்து 2043 வரை கொடுப்பார்களாம்! அண்ணாச்சி கடைக் கணக்கு மாதிரி. 2024ல் கோப்பை. 2025லும் கோப்பை. போன் வந்தது.

“இப்ப என்ன சொல்றே மாப்ளே?”

சொல்வதற்கு ஒன்று உண்டு. பணம் கோப்பையை வாங்காது. வருஷா வருஷம் க்யூவில் முன்னால் நிற்கிற இடத்தை வாங்கும். ஒரு வருஷம் சொதப்பினால் பணக்கார டீம் அடுத்த வருஷம் வேறு ஆளை எடுத்துக்கொள்ளும். ஏழை டீம் ஒரு தப்பு செய்தால் ஐந்து வருஷம் அவுட். இந்த வித்தியாசம் நிஜம். அவன் வயிற்றெரிச்சலும் நிஜம்.

ஆனால் மருந்தை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் தகராறு. 1994ல் முதலாளிகள் சம்பளத்துக்கு உச்சவரம்பு கேட்டார்கள். ஆட்டக்காரர்கள் ஆகஸ்ட் 12ல் ஸ்ட்ரைக் செய்தார்கள். அந்த வருஷம் வேர்ல்ட் சீரீஸே நடக்கவில்லை. உச்சவரம்பு வைத்தால் மிச்சமாகிற பணம் டிக்கெட் வாங்குகிறவனுக்கா வரப்போகிறது? முதலாளி பைக்குத்தான் போகும். டாட்ஜர்ஸின் உள்ளூர் டி.வி. ஒப்பந்தம் மட்டும் 25 வருஷத்துக்கு 835 கோடி டாலர். பிட்ஸ்பர்க் தலைகீழாக நின்றாலும் அது கிடைக்காது. சமன் செய்ய வேண்டியது அங்கே. முதலாளிகள் ஏற்கனவே வருமானத்தில் ஒரு பகுதியைப் பொதுவில் போட்டுப் பிரிக்கிறார்கள். இன்னும் கூடப் பிரிக்கட்டும். வாங்குகிறவன் அதைப் பெட்டியில் பூட்டாமல் டீமுக்குச் செலவழிக்கணும் என்று குறைந்தபட்சச் சம்பள வரம்பும் வைக்கட்டும். மேலே கூரை போடுவதற்கு முன்னால், கீழே தரை போடுங்கள் ஸ்வாமி!

இதற்கு மாமா பையன் ஒத்துக்கொண்டான் என்று சொல்ல ஆசைதான். ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் கவலையெல்லாம் இப்போது பால் ஸ்கீன்ஸ். பைரேட்ஸின் பந்து வீச்சாளர். சேரும்போது 92 லட்சம் டாலர் போனஸ் வாங்கியவர். ஆனால் 2025ல் சம்பளம் 8 லட்சத்து 75 ஆயிரம். அந்த வருஷம் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டு ரன் கூடக் கொடுக்கவில்லை. லீகின் சிறந்த பந்து வீச்சாளர் விருதும் அவருக்கே. அப்படியும் 10 வெற்றி, 10 தோல்விதான். பின்னே? இவர் எதிராளியை அடிக்க விடவில்லை, இவர் டீம் தானும் அடிக்கவில்லை.

விதிப்படி 2029 சீஸன் முடியும்போதுதான் ஸ்கீன்ஸ் ஃப்ரீ ஏஜென்ட். “அதுவரைக்கும் நம்மாளு மாப்ளே, யாரும் தொட முடியாது” என்று அவன் விரல் விட்டு எண்ணுகிறான்.

நானும்தான் எண்ணுகிறேன். ஸ்கீன்ஸ் பக்கத்திலிருந்து.